பார்தெனுரா மொஸ்காட்டோ: சேடர் இரவின் நான்கு கோப்பைகளுக்கு

யூதர்களின் பெசாக் பண்டிகை தொடங்கும் இரவில் நடைபெறும் சேடர் விருந்துக்கு, நியூ ஜெர்சியில் எங்கள் அடுத்த வீட்டுக் குடும்பத்தினர் மூன்று ஆண்டுகளாக எங்களை அழைத்து வருகிறார்கள். அந்த இரவில் ஒவ்வொருவரும் நான்கு கோப்பை திராட்சை மது அருந்த வேண்டும் என்பது, யூதர்களின் பழைய சட்ட நூலான மிஷ்னாவின் காலத்திலிருந்து வரும் விதி. தர்மத்தில் உண்ணும் ஏழைக்குக்கூட நான்கு கோப்பைக்குக் குறையக் கூடாது என்று அந்த நூல் சொல்கிறது. விருந்தினரான எனக்கு அந்தக் கடமை இல்லை என்றாலும், அவர்களோடு சேர்ந்து அருந்துவதே முறை என்று நினைத்து, சென்ற ஆண்டு 14 விழுக்காடு ஆல்கஹால் கொண்ட ஒரு சிவப்பு மதுவை நான்கு முறையும் நிரப்பிக்கொண்டேன். மறுநாள் முழுவதும் திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு, தலையைத் தூக்க முடியாமல் கிடந்தேன். இஸ்ரேலுக்கு வெளியே சேடர் இரண்டு இரவுகள் நடக்கும் என்பதால், அன்று மாலை அந்த வீட்டுப் பாட்டி தம் பக்கத்தில் எனக்கென்று போட்டு வைத்திருந்த நாற்காலி காலியாகவே இருந்தது. அது இன்றும் என்னை உறுத்துகிறது. இந்த ஆண்டு பார்தெனுரா மொஸ்காட்டோவை வாங்கியதற்கு அதுவே காரணம்.

நீல நிறப் பாட்டிலில் வரும் இந்த இனிப்பான இத்தாலிய வெள்ளை மதுவுக்கு, மிஷ்னாவுக்கு உரை எழுதிய 15ஆம் நூற்றாண்டு இத்தாலிய ரபி (யூத சமய அறிஞர்) ஒவாதியாவின் ஊர்ப் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. இதில் ஆல்கஹால் 5 விழுக்காடுதான். ஒரு கோப்பைக்கு 100 மில்லி லிட்டர் என்று வைத்துக்கொண்டால், நான்கு கோப்பை 14 விழுக்காடு மதுவில் ஏறத்தாழ 44 கிராம் ஆல்கஹால் உடலுக்குள் போகிறது. இந்த மொஸ்காட்டோவில் 16 கிராம் மட்டுமே. அமெரிக்காவில் ஒரு பானம் என்று கணக்கிடப்படும் அளவு 14 கிராம் என்பதால், மூன்று பானங்களுக்கு மேல் அருந்துவதற்கும் ஒன்றைச் சற்றே தாண்டுவதற்கும் உள்ள வேறுபாடு இது.

சேடரின் வரிசையை நினைத்துப் பார்த்தால் இந்த வேறுபாட்டின் அருமை இன்னும் விளங்கும். முதல் கோப்பை கிட்டுஷ் என்னும் ஆசியோடு, இருட்டிய பிறகு, வெறும் வயிற்றில் அருந்தப்படுகிறது. அதன்பின் உப்புநீரில் தோய்த்த ஒரு கிள்ளு பார்ஸ்லி இலையைத் தவிர வேறு உணவில்லை. வீட்டின் கடைக்குட்டி நான்கு கேள்விகளைக் கேட்க, எகிப்திலிருந்து விடுதலை பெற்ற கதையைப் பெரியவர்கள் விரிவாகப் படித்து முடித்தபின் இரண்டாவது கோப்பையும் வந்துவிடுகிறது. இப்படிப் பாதி மது சோற்றுக்கு முன்பே உள்ளே போய்விடுகிறது. மீதி இரண்டு கோப்பைகளோ, புளிக்காத ரொட்டியான மட்ஸாவின் அஃபிகோமன் என்னும் கடைசித் துண்டை உண்டு, இனி எதையும் சாப்பிடக் கூடாது என்ற கட்டத்துக்குப் பிறகு வருகின்றன. சென்ற ஆண்டு நான் இந்த வரிசையை அறியாமல், சாப்பாடு வந்தால் சரியாகிவிடும் என்று நம்பியிருந்தேன்.

இந்த ஆண்டு மொஸ்காட்டோவின் மெல்லிய குமிழிகள் வெள்ளிக் கோப்பையின் விளிம்பில் ஒட்டி நின்று ஒவ்வொன்றாக உடைவதைப் பார்த்துக்கொண்டே நிதானமாக அருந்த முடிந்தது. துருவிய குதிரைமுள்ளங்கியின் காரம் மூக்கில் ஏறியபோது அதன் இனிப்பு உண்மையிலேயே ஆறுதலாக இருந்தது. ஆனால் மாட்டிறைச்சி பரிமாறப்பட்டபோது அந்த இனிப்பு பொருந்தவில்லை. இது மொஸ்காட்டோ வகைக்கே உள்ள இயல்பு. காரமும் துவர்ப்பும் விரும்புபவர்கள் உணவுக்கு நடுவே தண்ணீரே குடிப்பது நல்லது. உலர்ந்த மட்ஸாவும் உப்புநீரும் உள்ள மேசையில் ஒரு கூஜா தண்ணீர் எப்படியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

எனக்குப் பெரிதாகப் பட்ட குறை நிறம்தான். எகிப்தின் மீது கடவுள் அனுப்பியதாகச் சொல்லப்படும் பத்து வாதைகளின் பெயரைச் சொல்லும்போது, எகிப்தியர் பட்ட துன்பத்தை எண்ணி, ஒவ்வொருவரும் விரல் நுனியால் பத்துத் துளி மதுவை எடுத்துத் தட்டில் வைப்பார்கள். வெள்ளைத் தட்டில் என் துளிகள் கண்ணுக்கே தெரியவில்லை. சேடருக்குச் சிவப்பு மதுவே சிறப்பு என்று யூத நெறிநூல்களும் சொல்கின்றன. பாட்டி இதைக் கவனித்து, குழந்தைகளுக்கு வைத்திருந்த, கான்கார்டு என்னும் கருநிற வகைத் திராட்சையின் சாற்றை என் கோப்பையில் இரண்டு தேக்கரண்டி ஊற்றினார். மது உடனே நாவற்பழ நிறத்துக்கு மாறியது. ஆல்கஹாலும் இன்னும் சற்றுக் குறைந்தது. இரண்டாம் இரவில் நாங்கள் தொடக்கத்திலிருந்தே அப்படிக் கலந்துகொண்டோம்.

மது அறவே ஒத்துக்கொள்ளாதவர்கள், கருவுற்றவர்கள், மருந்து உண்பவர்கள் திராட்சைச் சாற்றையே நான்கு கோப்பைகளுக்கும் பயன்படுத்துகிறார்கள். அதற்கும் அதே ஆசிமொழிதான். இயன்றவர்கள் கொஞ்சமாவது ஆல்கஹால் உள்ளதை அருந்த வேண்டும் என்று கருதும் ரபிகள் பலர் உண்டு. அவர்கள் வழி நடப்பவர்களுக்கு 5 விழுக்காடு என்பது நல்ல நடுவழி. மிஷ்னாவை விளக்கும் தல்முத் என்ற நூலில் ரபி யெகுதா, தாம் பெசாக்கில் அருந்திய நான்கு கோப்பைகளால் ஏழு வாரம் கழித்து வரும் ஷவுவோத் பண்டிகைவரை நெற்றிப்பொட்டைக் கட்டிக்கொண்டு கிடந்ததாகச் சொல்கிறார். இதை அந்த அடுத்த வீட்டில் கேட்டபோது, என் தலைவலிக்கு இவ்வளவு பழைய துணை இருக்கிறதே என்று மனம் நெகிழ்ந்தது.

வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. யூத உணவு விதிகளுக்கு உகந்தது என்று காட்டும், பெசாக்குக்கு உரிய கோஷர் முத்திரை பாட்டிலில் இருக்கிறதா என்று பாருங்கள். யூதரல்லாத விருந்தினர் கொண்டுபோவதாக இருந்தால், சூடாக்கிப் பதப்படுத்தியது என்று பொருள்படும் மெவுஷல் என்ற சொல்லும் லேபிளில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கட்டுப்பாடாக வாழும் குடும்பத்தினர் நம் கைபட்டுத் திறந்த மதுவை அருந்த மாட்டார்கள். இரண்டு இரவுகளுக்கும் சேர்த்து ஒருவருக்கு எட்டுக் கோப்பை, அதாவது 800 மில்லி லிட்டர் ஆகும் என்பதால் 750 மில்லி பாட்டில் ஒன்று போதாது. பண்டிகை தொடங்கியபின் அவர்களால் கடைக்குப் போகவும் முடியாது. கோப்பையின் அளவையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், ஏனெனில் 86 மில்லி போதும் என்பாரும் 150 மில்லி வேண்டும் என்பாரும் இருக்கிறார்கள்.

இந்த ஆண்டு முதல் சேடருக்கு மறுநாள் காலை ஏழு மணிக்குத் தலைவலியில்லாமல் எழுந்தேன். அன்று இரவு பாட்டியின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, நான்காவது கோப்பைவரை அவரோடு இருந்தேன்.