நைரோபியிலிருந்து ஒரே நாள் சஃபாரி: கூட்டமாகப் போக எந்தப் பூங்கா தோது?

மாநாடு, கல்யாணம், அலுவலகக் கூட்டம் என்று நைரோபிக்கு வந்த இருபது முப்பது பேருக்கு நடுவில் ஒரு நாள் ஓய்வு கிடைத்தால், பேச்சு உடனே சஃபாரிக்குத் தாவும். ஒருவர் யானை பார்க்கணும் என்பார், இன்னொருவர் பூநாரை என்பார். மிருகப் பட்டியலை வைத்து முடிவெடுத்தால் அந்த நாள் பெரும்பாலும் சொதப்பும். முதலில் கணக்குப் போட வேண்டியது, வண்டி ரோட்டில் எத்தனை மணி நேரம், காட்டுக்குள் எத்தனை மணி நேரம் என்பதைத்தான். நிலநடுக்கோட்டை ஒட்டிய ஊர் என்பதால் வருடம் முழுக்க ஆறரை வாக்கில் விடிந்து, ஆறரை வாக்கில் இருட்டுகிறது. சிங்கம் காலை பத்து மணிக்கு மேல் புதர் நிழலில் படுத்தால் நாலு மணி வரை எழுந்திருக்காது. அதனால் காலை முதல் மூன்று மணி நேரம் எந்தப் பூங்காவுக்குள் கிடைக்கிறதோ அதற்குத்தான் மதிப்பு.

அந்தக் கணக்கில் நைரோபி தேசியப் பூங்காவை அடிக்க ஆளில்லை. நகர மையத்திலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. ஐந்தரைக்குக் கிளம்பினால் ஆறு மணிக்கு வாசல் திறக்கும்போது நிற்கலாம். 1946-இல் தொடங்கிய கென்யாவின் முதல் தேசியப் பூங்கா, பரப்பு 117 சதுர கிலோமீட்டர்தான். கருப்புக் காண்டாமிருகம் பார்க்க இதைவிடச் சுலபமான இடம் அந்த நாட்டில் குறைவு. சிங்கம், காட்டெருமை, மசாய் ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை, நெருப்புக்கோழி எல்லாம் உண்டு. காட்டு யானை கிடையாது. சிறுத்தை அதிர்ஷ்டம். பூங்காவை வெட்டிக்கொண்டு போகும் ரயில் பாலம் பல படங்களில் வந்து விழும், அது பொறுக்காதவர்கள் வேறு இடம் பார்க்கலாம்.

நகரப் பக்கம் வேலி. தெற்கே வேலியில்லை, ம்பகாத்தி ஆற்றைத் தாண்டினால் திறந்த சமவெளி. மழைக்காலத்தில் புல் எங்கும் முளைப்பதால் மந்தைகள் அந்தப் பக்கம் கலைந்துவிடும். காய்ந்த மாதங்களில் அணைக்கட்டுத் தண்ணீரைத் தேடி உள்ளே திரும்பும். ஜூலை முதல் செப்டம்பர் வரையும், ஜனவரி பிப்ரவரியும் நல்ல காலம். ஏப்ரல், மே, நவம்பரில் இன்னொரு தொல்லை, மண். நம்ம ஊர்க் கரிசலேதான். நனைந்ததும் டயர் பள்ளங்களை அடைத்துக்கொண்டு சக்கரம் சும்மா சுற்றும். சிங்கம் உலவும் இடத்தில் இறங்கித் தள்ளவும் முடியாது. மழைக்காலமென்றால் ஃபோர் வீல் டிரைவ் வண்டியே கேளுங்கள். இல்லாவிட்டால் கிராவல் பாதையை விட்டு இறங்க வேண்டாம் என்று டிரைவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

யானைக் குறைக்கு ஓரளவு மாற்று, பூங்கா எல்லையில் இருக்கும் ஷெல்ட்ரிக் யானைக் குட்டிகள் காப்பகம். பொதுமக்களுக்குப் பகல் 11 முதல் 12 வரை ஒரு மணி நேரம்தான். முன்பதிவு கட்டாயம், கட்டணம் தனி. பூங்காச் சீட்டு ஒரு முறை நுழைவுக்கானது. ஆகவே விலங்கு பார்ப்பதை முடித்துக்கொண்டு பத்தேகாலுக்கு வெளியேறி, காப்பகத்துக்குப் போவதே சரியான வரிசை.

நகுரு ஏரிப் பூங்கா நைரோபிக்கு வடமேற்கே சுமார் 160 கிலோமீட்டர், மூன்று மணி நேரம். ஐந்தரைக்குக் கிளம்பியும் பூங்காவுக்குள் வண்டி நகர ஒன்பதாகிவிடும். வழியில் பிளவுப் பள்ளத்தாக்கு காட்சி முனையில் எல்லாக் கூட்டமும் நிறுத்தும். பத்து நிமிஷம் என்று இறங்கினால் பொம்மைக் கடைகளில் நாற்பது நிமிஷம் கரையும், காலை வெளிச்சமும் போச்சு. அந்த நிறுத்தத்தைத் திரும்பும்போது வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு மாலை, வழியிலுள்ள நைவாஷா ஊரிலிருந்து நைரோபி வரை நெரிசல் பிடுங்கும். மூன்று மணிக்குள் பூங்கா வாசலைத் தாண்டி வெளியேறுவது நல்லது.

இவ்வளவுக்கும் ஈடாக நகுரு தருவது, ஏரிக்கரைப் புல்வெளியில் பகலிலேயே மேயும் வெள்ளைக் காண்டாமிருகங்கள். அகன்ற சதுர வாயைத் தரையோடு வைத்து மேய்ந்தால் அது வெள்ளை. கூர்ந்த மேலுதட்டால் புதர்க் கிளையைப் பிடித்து இழுத்தால் கருப்பு. நிறத்தை நம்பவே கூடாது, இரண்டும் சேற்று நிறம்தான். முழங்காலுக்குக் கீழே புள்ளியில்லாமல், வெள்ளைக் காலுறை போட்டது போலிருக்கும் ராத்ஸ்சைல்ட் ஒட்டகச்சிவிங்கியும் இங்கே உண்டு. மஞ்சள் பட்டை வேலமரக் காடு சிறுத்தைக்குப் பேர்போனது. ஆனால் பழைய படங்களில் கரை முழுக்க இளஞ்சிவப்பாக நிற்கும் பூநாரைக் கூட்டத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். 2010-க்குப் பிறகு ஏரி மட்டம் ஏறி, உப்புத்தன்மை நீர்த்து, பூநாரையின் தீனியான நீலப்பச்சைப் பாசி குறைந்துவிட்டது. பெருங்கூட்டங்கள் பொகோரியா ஏரி போன்ற இடங்களுக்குப் போய்விட்டன. பழைய பிரதான வாசலும் கரையோரப் பாதைகளும் தண்ணீருக்குள்.

அம்போசெலி பூங்கா ஒரே நாளுக்கு வேண்டாம். போக நாலு மணி, வர நாலு மணி. யானை மந்தைகளுக்கு அதற்கு நிகரில்லை, மறுக்கவில்லை. ஆனால் கிளிமஞ்சாரோ முகம் காட்டுவது விடியற்காலையிலும் அந்தியிலும்தான். நீங்கள் போய்ச் சேரும் நேரத்துக்கு மலை பெரும்பாலும் மேகத்துக்குள் போயிருக்கும். ஒரு இரவு தங்க முடிந்தால் மட்டும் யோசியுங்கள்.

பூங்காவைவிட அதிகம் பிழைபோவது வண்டித் தேர்வில். 28 பேருக்கு ஒரே பஸ் மலிவாகத் தெரியும். உள்ளே, சிங்கம் இடப்பக்கம் படுத்திருந்தால் வலப்பக்க 14 பேர் பார்ப்பது முன்னிருப்பவர் பின்மண்டையை. குறுகிய பாதையில் பஸ் திரும்பாது. கூரை உயர்த்தும் சஃபாரி வேன் நாலு, வேனுக்கு ஏழு பேர், ஆளுக்கு ஒரு ஜன்னல். நாலையும் வரிசையாக ஓட்டினால் கடைசி வண்டிக்குக் கிடைப்பது புழுதி. இரண்டிரண்டாகப் பிரித்துவிட்டு, விலங்கு கண்டதும் டிரைவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளட்டும்.

கட்டணம் கென்ய அரசின் ஈ-சிட்டிசன் இணையதளத்தில், வாசலில் ரொக்கம் எடுபடாது. கென்யக் குடிமகன், அங்கே வசிப்பவர், வெளிநாட்டவர் என்று விலை பல மடங்கு மாறும். வசிப்பவர் சீட்டு எடுத்துவிட்டு அடையாள அட்டையை மறந்த ஒருவரால் மொத்தக் கூட்டமும் வாசலில் நிற்கும். முந்தின இரவே ஆளுக்காள் பெயர், அட்டை சரிபார்த்து ஒரே தடவையில் கட்டிவிடுங்கள்.

2020 ஜூன் முதல் பூங்காக்களுக்குள் ஒரு முறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை, தண்ணீர் பாட்டிலும் அதில் சேர்த்தி. ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டிலும், வண்டிக்கு ஒரு 20 லிட்டர் கேனும் போதும். சாப்பாடு மூடிபோட்ட டப்பாவில் இருக்கட்டும். நகுருவில் பபூன் பாறை முனையில் மட்டும் அதைத் திறக்காதீர்கள். அங்கே பபூன் குரங்குகள் வண்டிக் கதவு திறக்கும் சத்தத்துக்கே ஓடிவரும். கூரை உயர்ந்திருந்தால் அது வழியாகவும் இறங்கும்.