வள்ளுவரின் துப்பாக்கியும் நாலைந்து இணைய நூலகங்களும்

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா ஒரு நாள் காலை காபிக்கு முன்னாலேயே ஒன்றை அனுப்பிவிட்டார். துப்பாக்கியைக் கண்டுபிடித்தது வெள்ளைக்காரன் இல்லையாம், வள்ளுவர் அப்போதே பாடிவிட்டாராம், கீழே சாட்சிக்குக் குறள்: "துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கித் துப்பார்க்குத் துப்பாய தூஉம் மழை." உடனே வரிசையாகக் கைகூப்பல்கள், நடுவில் யாரோ ஒரு வேல்.

இணையத்தில் கிடைக்கும் சில்லறை விநோதங்களைப் பொறுக்கி நாலு பேருக்கு அனுப்புவதைத்தான் நானும் பல வருஷமாகப் பொழுதுபோக்காக வைத்திருக்கிறேன், அதனால் சித்தப்பாவைச் சிரிக்கும் யோக்கியதை எனக்குக் கிடையாது. ஆனால் ஒரு யோசனை வந்தது. நான் வழக்கமாக மேயும் நாலைந்து இடங்கள் இருக்கின்றன. எதில் என்ன கிடைக்கும், எதை நம்பி எதை அனுப்பலாம் என்று உட்கார்ந்து ஒப்பிட்டதே இல்லை. கையில்தான் ஒரு சொல் மாட்டியிருக்கிறதே, இதையே எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வாசலாகத் தட்டிப் பார்த்தால் என்ன?

முதலில் மதுரைத் திட்டம். 1998 பொங்கலன்று தொடங்கியது. முன்னின்று நடத்திய கு. கல்யாணசுந்தரம் ஸ்விட்சர்லாந்தின் லொசான் நகரில் வேதியியல் ஆராய்ச்சியாளர், சூரிய மின்கலம் பற்றி வேலை செய்தவர். அந்த வேலைக்கு நடுவே, உலகம் முழுக்கச் சிதறிக் கிடந்த ஆர்வலர்களைக் கூட்டிக்கொண்டு சங்க இலக்கியத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்து வலையில் ஏற்றியிருக்கிறார்கள். இங்கே படம் பிடித்த பக்கம் இல்லை, எழுத்தாகவே இருக்கிறது. அதுதான் இதன் பலம். வரிசையில் முதல் கோப்பே திருக்குறள். அதைத் திறந்து, உலாவியின் தேடலில் "துப்பாக்கி" என்று போட்டால் பன்னிரண்டாம் குறளில் போய் நிற்கும், மற்ற 1329 குறளிலும் கிடையாது. அதிகாரத் தலைப்பைப் பார்த்தாலே பாதி விஷயம் முடிந்துவிடுகிறது, வான் சிறப்பு. மழையைப் பற்றிப் பத்துக் குறள் பாடிக்கொண்டிருப்பவர் நடுவில் எதற்குத் துப்பாக்கியை எடுக்கிறார்?

மீதிப் பாதிக்கு அகராதி வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன், 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். இதைச் சிகாகோ பல்கலைக்கழகம் தன் தெற்காசிய மின்நூலகத்தில் தேடும் வசதியோடு வைத்திருக்கிறது. 'துப்பு' என்று போட்டால் உணவு, வலிமை, அறிவு, பவளம், சிவப்பு, எச்சில், உளவு என்று வந்துகொண்டே இருக்கிறது. நாம் 'துப்புக் கெட்டவன்' என்று திட்டும்போது எந்தத் துப்பு என்பதும் அங்கேயே விளங்கிவிடும். குறளில் இருப்பது சாப்பாட்டுத் துப்பு. துப்பார் என்றால் உண்பவர், 'துப்பு ஆக்கி' என்றால் உணவை விளைவித்து. உண்பவர்க்கு உணவை உண்டாக்கித் தந்து, தானும் குடிநீராகி உணவாவது மழை, அவ்வளவுதான். சுடுகிற துப்பாக்கிக்கு லெக்சிகன் ஒரு துருக்கிச் சொல்லை மூலமாகக் காட்டுகிறது. இரண்டும் சந்தித்துக்கொண்டதே இல்லை, ஒரே மாதிரி ஒலிக்கின்றன, அவ்வளவு.

ஆக, வந்த செய்தி சரியா என்று பார்க்க இந்த இரண்டையும் அடிக்க ஆள் இல்லை. ஐந்து நிமிஷம், போனிலேயே முடியும். ஆனால் இதில் ஒரு குறை இருக்கிறது, ரொம்ப நாளாக எனக்கே புரியாமல் இருந்த குறை. எனக்கு ஏற்கெனவே தெரிந்ததைத்தான் இங்கே தேட முடியும். துப்பாக்கி என்று கேட்டால் துப்பாக்கி வரும். நான் கேட்காதது எதுவும் கண்ணில் படாது. மதுரைத் திட்டத்தில் எனக்குத் தற்செயலாகக் கிடைத்த ஒரே சுவாரசியம், ஒவ்வொரு நூலின் தலையிலும் தட்டச்சு செய்தவர் யார், பிழை பார்த்தவர் யார், எந்த நாட்டில் இருப்பவர் என்று போட்டிருக்கும் நன்றிக் குறிப்புதான். தேவாரத்தை எந்தெந்த ஊரிலோ உட்கார்ந்து தட்டியிருக்கிறார்கள்! மற்றபடி அட்டைப்படம், ஓரத்து விளம்பரம் எதுவும் கிடையாது. கடைந்து வடித்த மோர் மாதிரி சுத்தமாக இருக்கும்.

வெண்ணெய் இருப்பது தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில். இந்தக் கழகம் 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் என்ற பெயரில் ஆரம்பித்தது, மின்நூலகம் 2017இல் வந்தது. இங்கே எல்லாம் ஸ்கேன் செய்த பக்கங்கள். நூலின் பெயரையோ ஆசிரியரையோ போட்டுத் தேடலாம், பக்கத்துக்கு உள்ளே இருக்கும் வரியைத் தேடுகிற இடம் இது இல்லை, ஆகவே நம் துப்பாக்கிச் சோதனைக்கு இதனிடம் பெரிய பதில் கிடையாது. ஆனால் ஒரு பழைய மாத இதழைத் திறந்து, கட்டுரைகளை விட்டுவிட்டு, கடைசிப் பக்கங்களை மட்டும் புரட்டுங்கள். கூந்தல் தைலம், நரம்புத் தளர்ச்சிக்கு லேகியம், ஜோசியம், சுவர்க் கடிகாரம், எல்லாவற்றுக்கும் கீழே "வி.பி.பி.யில் அனுப்பப்படும், தபால் செலவு தனி." வி.பி.பி. என்றால் தபால்காரரிடம் பணம் கட்டிப் பொருளை வாங்கிக்கொள்வது. துதிக்கை மாதிரி சுருட்டிக்கொண்ட பழைய 'லை', 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியது, வரிக்கு வரி வரும்.

அப்படி ஒரு விளம்பரத்தை வெட்டி அண்ணன் மகளுக்கு அனுப்பியிருந்தேன். அதில் விலை "ரூ. 1-4-0" என்று இருந்தது. "சித்தப்பா, ஏப்ரல் ஒண்ணாம் தேதியா இது, வருஷத்தை ஏன் பூஜ்யம்னு போட்டிருக்காங்க?" என்று கேட்டாள். ஒரு ரூபாய், நாலு அணா, பூஜ்யம் பை. பன்னிரண்டு பை ஒரு அணா, பதினாறு அணா ஒரு ரூபாய், 1957 ஏப்ரல் 1இல்தான் நூறு நயா பைசாக் கணக்கு வந்தது என்று சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு அந்தத் தைலம் வாங்கவே ஆசை வந்துவிட்டது. இப்போது யோசித்தால் அவள் சொன்ன ஏப்ரல் ஒன்றும் தற்செயலாகச் சரியாகத்தான் பட்டிருக்கிறது. இந்த மாதிரி ஒன்றை 'தைல விளம்பரம்' என்று தேடி யாரும் கண்டுபிடிக்க முடியாது. புரட்டினால்தான் உண்டு, அதற்கு ஒரு மதியம் போகும்.

அடுத்தது இன்டர்நெட் ஆர்க்கைவ். ப்ரூஸ்டர் கேல் 1996இல் தொடங்கியது, சான் பிரான்சிஸ்கோவில் பழைய தேவாலயக் கட்டடம் ஒன்றில் இருக்கிறது. அளவில் மற்ற எல்லாவற்றையும் இதற்குள் போட்டு மூடிவிடலாம். 'டிஜிட்டல் லைப்ரரி ஆஃப் இந்தியா' திட்டத்தில் ஸ்கேன் ஆன ஏராளமான இந்தியப் புத்தகங்கள் இங்கே ஏறியிருக்கின்றன, அவற்றில் தமிழும் நிறைய. சங்கடம் என்னவென்றால், பெரும்பாலானவற்றுக்குத் தலைப்பு ஆங்கில எழுத்தில்தான், அதுவும் பதிந்தவர் காதில் எப்படி விழுந்ததோ அப்படி. தமிழில் தட்டினால் இவை சிக்காது. ஆங்கில எழுத்தில் தேடுவதென்றால் 'திரு'வை மூன்று விதமாக, 'ழ'வை நாலு விதமாக எழுதிப் பார்க்க வேண்டும். அடையாள எண்ணில் 'டிஎல்ஐ.2015' என்று வருவதைப் பார்த்து 2015இல் வெளியான புத்தகம் என்று நினைப்பவர்களும் உண்டு, நானே கொஞ்ச காலம் அப்படித்தான் நினைத்தேன்.

ஆனால் இந்தச் சங்கடத்தில்தான் சுகமே. ஒரு வைத்திய நூலைத் தேடிப்போய், தப்பான எழுத்துக்கூட்டலால் ஒரு சமையல் புத்தகத்தில் விழுந்து, அதன் பின்னட்டையில் பதிப்பாளரின் மற்ற நூல்கள் பட்டியலைப் பார்த்து, அதில் ஒன்றைத் தேடி மறுபடி வேறெங்கோ விழுந்து என்று ஒரு ராத்திரியே போகும். கூடவே ஒரு வசதி, புத்தகத்தின் குறிப்பிட்ட பக்கத்துக்கே நேராகச் சுட்டி கொடுக்கலாம். "இதோ, நீயே பார்" என்று அனுப்பினால் எதிரில் இருப்பவர் அதே பக்கத்தில் இறங்குவார். வெட்டிய படத்தை மட்டும் அனுப்பினால் அது பத்துக் குழு தாண்டியதும் எந்தப் புத்தகம், எந்த வருஷம் என்பதெல்லாம் உதிர்ந்து சித்தப்பாவின் துப்பாக்கி மாதிரி ஆகிவிடும்.

அதன் வேபேக் மெஷின் தனி உலகம். செத்துப்போன வலைப்பக்கங்கள் அங்கே உயிரோடு இருக்கும். யாஹூ 2009 அக்டோபரில் ஜியோசிட்டீஸ் என்ற இலவச வலைப்பக்கத் தளத்தை மூடியபோது போன பக்கங்களில் நிறைய அங்கே கிடைக்கின்றன. தொண்ணூறுகளின் தமிழ்ப் பக்கம் ஒன்றைத் திறந்தால் திரை முழுக்கக் கால், அரை, தொப்பி போட்ட ஆங்கில எழுத்துகள்தான் தெரியும், பயப்பட வேண்டாம், அது திஸ்கி அல்லது அந்தக் காலத்து வேறு ஏதாவது ஒரு குறியாக்கம். யூனிகோடுக்கு மாற்றும் கருவியில் ஒட்டினால் உள்ளே யாரோ ஒருவர் 1999இல் "என் முதல் தமிழ் இணையப் பக்கத்துக்கு நல்வரவு" என்ற ரீதியில் எழுதியிருப்பார். எனக்கு இது கல்வெட்டு படிக்கிற மாதிரி.

ஒரே இடத்தை நம்பி இருக்கக் கூடாது என்பதற்கும் ஆர்க்கைவே உதாரணம். 2024 அக்டோபரில் இணையத் தாக்குதலில் பல நாள் முடங்கியது, 3 கோடிக்கும் மேற்பட்ட கணக்குகளின் விவரங்கள் கசிந்தன. அதிலிருந்து, பிடித்த பக்கத்தைக் கையோடு இறக்கி வைத்துக்கொள்கிறேன், கோப்புப் பெயரிலேயே நூல், வருஷம், பக்க எண் மூன்றையும் போட்டு.

கல்வெட்டு என்றதும் 'நூலகம்' என்ற ஈழத்துத் தமிழ் இணைய நூலகத்துக்கு வந்துவிடுகிறேன், எனக்குப் பிடித்தது இதுதான் என்பதை மறைக்கப் போவதில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததில் ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின, ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் அப்போதுதான் எரிந்தது. நூலகம் தளம் தொடங்கியது 2005இல். அந்தப் பின்னணியில் பார்த்தால்தான் இவர்கள் ஏன் எதையும் கழிப்பதில்லை என்பது புரியும். பள்ளிக்கூட ஆண்டு மலர், கோயில் கும்பாபிஷேக மலர், சனசமூக நிலையத்துச் சஞ்சிகை, துண்டுப் பிரசுரம், எல்லாம் இருக்கிறது. இன்னும் முக்கியமாக, பல நூல்களுக்கும் இதழ்களுக்கும் உள்ளடக்கத்தைத் தமிழிலேயே தட்டிப் போட்டிருக்கிறார்கள். ஸ்கேனும் உண்டு, தேடலும் உண்டு. மதுரைத் திட்டத்தின் வசதியும் கல்விக்கழகத்தின் வெண்ணெயும் ஒரே ஏனத்தில்.

அங்கே நினைவு மலர்கள் என்று ஒரு பகுதி. யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு ஒரு சின்னப் புத்தகம் அச்சிட்டுக் கொடுப்பார்கள், அதற்கு அவர்கள் வழக்கில் பெயர் கல்வெட்டு. கல்லே கிடையாது, காகிதம்தான். அட்டையில் படம், தோற்றம், மறைவு. உள்ளே திதி வெண்பா, அதாவது இறந்த ஆண்டு, மாதம், திதி எல்லாவற்றையும் நாலு வரி வெண்பாவுக்குள் அடக்கிவிடுவார்கள். அப்புறம் தேவாரம், வாழ்க்கை வரலாறு, மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், வம்சாவளி, கடைசியில் நன்றி. வரலாற்றுப் பகுதியில் சிலருக்கு மலாயா வரும். ரயில்வேயிலோ அரசு அலுவலகத்திலோ வேலை, பிறகு ஊர் திரும்பிக் கல்வீடு. இப்படித் திரும்பியவர்களுக்கு ஊரில் 'மலாயன் பென்சனியர்' என்றே பெயர். எந்தப் பேரறிஞரும் எழுதாத வரலாறு, இருபது முப்பது பக்கத்தில், சொந்தக்காரர்களுக்காக மட்டும் அச்சானது.

இதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. துக்க வீட்டுக் காகிதத்தை விநோதம் என்று நாலு பேருக்கு அனுப்பலாமா? வெண்பாவை மட்டும் எழுதி, பெயர் வரும் இடத்தை விட்டு அனுப்புகிறேன். படத்தை அனுப்புவதில்லை.

சென்னைத் தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தை இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை, அது நேரில் போக வேண்டிய இடம். கோட்டையூரைச் சேர்ந்த, விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்த ஒருவர் நாடக நோட்டீஸ், அழைப்பிதழ் என்று ஒன்றையும் தூர எறியாமல் சேர்த்து வைத்ததில் வந்தது என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

சரி, குழுவுக்கு என்ன அனுப்பினேன்? குறளின் அதிகாரத் தலைப்பும் லெக்சிகனின் 'துப்பு' வரிகளும். வேல் போட்டவர் மௌனமாகிவிட்டார். சித்தப்பா மட்டும் "பவளமும் துப்புதானா, நல்லாருக்கே" என்றார். அந்தத் தைரியத்தில் ஒரு திதி வெண்பாவையும் தட்டி அனுப்பினேன். பத்து நிமிஷம் சத்தமே இல்லை. அப்புறம் அத்தையிடமிருந்து ஒரு படம் வந்தது. மஞ்சளேறி, மடிப்பில் கிழிந்த தாள், ஓரத்தில் கறுப்புக் கட்டம், எங்கள் கொள்ளுத் தாத்தாவின் கருமாதிப் பத்திரிகை. டிரங்குப் பெட்டியில் பட்டுப்புடவைக்கு அடியில் விரித்திருந்ததாம். அச்சகத்தின் பெயர் கீழே இருக்கிறது, மூக்குக் கண்ணாடி போட்டும் படிக்க முடியவில்லை, வெளிச்சத்தில் வைத்து இன்னொரு படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.