பட்டறையா, ஐந்து பேர் வட்டமா, வாட்ஸ்அப் குழுவா?

கடலூரிலோ புதுச்சேரியிலோ இருந்துகொண்டு கதை எழுதுகிறவருக்கு எழுத்தைக் கொஞ்சம் தேற்றிக்கொள்ள மூன்று வழி கண்ணில் படுகிறது. காசு கட்டிப் போகிற சிறுகதைப் பட்டறை, நாலைந்து பேர் கூடி ஒருவர் கதையை ஒருவர் படித்துப் பேசுகிற வட்டம், அப்புறம் வாட்ஸ்அப் குழு. என் ஓட்டு வட்டத்துக்குத்தான், ஆனால் வழக்கமாகச் சொல்கிற காரணத்துக்காக இல்லை.

முதலில் பட்டறை. நம் பக்கம் நடப்பவை பெரும்பாலும் ஒருநாள், மிஞ்சிப்போனால் இரண்டு நாள். அமெரிக்காவில் 1968-இல் தொடங்கிய கிளாரியன் பட்டறைக்கு ஆறு வாரம் ஆகும். அங்கேயே தங்கி எழுதி, அதை மற்றவர்கள் பிரித்து மேய்வதைக் கேட்டு, அடுத்த கதையை எழுத உட்கார வேண்டும். அதில் கால்வாசியை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் எதிர்பார்த்துப் போனால் சாயங்காலம் சான்றிதழும் குரூப் போட்டோவும்தான் மிஞ்சும். அதற்காகப் பயனே இல்லை என்று சொல்லமாட்டேன். நன்றாகப் படிக்கத் தெரிந்த ஓர் எழுத்தாளர் வேறொருவர் கதையை எடுத்து வைத்துக்கொண்டு, இது ஏன் இந்த இடத்தில் தொடங்குகிறது, இந்தப் பத்தியைத் தூக்கிவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு மணி நேரம் பிரித்துக் காட்டினால் அது பல வருஷம் கூடவே வரும். பணம் கட்டும் முன் ஒன்றை மட்டும் விசாரியுங்கள்: நம் கதையை முன்கூட்டியே அனுப்பச் சொல்கிறார்களா? சொன்னால் தாராளமாகப் போகலாம். நிகழ்ச்சி நிரலில் பாதியைப் பொன்னாடையும் வாழ்த்துரையும் விழுங்கியிருந்தால், அந்தக் காசுக்குப் புத்தகம் வாங்கிவிடலாம்.

வட்டத்துக்குப் போனால் நம் கதைக்குக் கருத்து கிடைக்கும் என்பார்கள். எனக்கு அது இரண்டாம்பட்சம். அடுத்தவர் கதையில் மூன்றாம் பக்கத்தில் நம் கவனம் ஏன் நழுவியது என்பதை, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே, காரணத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறதே, படிப்பு அங்கேதான் நடக்கிறது. "போர் அடிக்குது" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ராத்திரி போன் மணி அடித்து அப்பா இறந்த செய்தி வருவதை நாலு பேர் கதையில் சுட்டிக்காட்டிய பிறகு, அதையே நம் கதையில் வைக்கக் கை வராது.

ஆனால் வட்டம் தானாக நடக்காது, முறை வேண்டும். 1956-இல் அமெரிக்காவின் மில்ஃபோர்டு ஊரில் அறிவியல் புனைகதைக்காரர்கள் தொடங்கிய கூட்டத்திலிருந்து பரவிய முறை ஒன்று இருக்கிறது. எல்லாரும் கதையை முன்பே படித்துவிட்டு வருவார்கள், ஒவ்வொருவராகக் குறுக்கீடு இல்லாமல் பேசுவார்கள், எழுதியவர் கடைசிவரை வாய் திறக்கக் கூடாது. நமக்கு இந்தக் கடைசி விதிதான் கஷ்டம். இரண்டாவது ஆள் பேசும்போதே "நான் என்ன சொல்ல வந்தேன்னா" என்று கை உயர்ந்துவிடும். இன்னொன்று வயது. அறுபதைத் தாண்டியவரிடம் இருபத்திரண்டு வயதுப் பெண் "அண்ணே, உங்க முடிவு ஒட்டலை" என்று சொல்ல முடிய வேண்டும். முடியாவிட்டால் அது பஜனை மடம். இளையவர்கள் முதலில், மூத்தவர்கள் கடைசியில் என்று வரிசையை வைத்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீரும். ஒற்றுப்பிழை மட்டுமே பேசுகிறவர் ஒருவர் எங்கேயும் இருப்பார் (அவர் வேண்டும், நிஜமாகவே வேண்டும்), பென்சிலால் குறித்துக் கையில் கொடுத்துவிடட்டும்.

வட்டத்தின் பெரிய குறை, எல்லாரும் ஒரே ஊர் என்பது. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் சொல்தா வீட்டைப் பற்றிய கதையைப் புதுச்சேரிக்காரர்கள் ஐந்து பேர் படித்தால் ஒருவருக்கும் சந்தேகம் வராது. பட்டறைக்கு மதுரையிலிருந்து வந்தவர், இந்தத் தாத்தாவுக்கு பிரான்ஸ் எதற்குப் பணம் அனுப்புகிறது என்று கேட்பார். அந்த ஒரு கேள்விக்காகவே வருஷத்துக்கு ஒருமுறை வெளியூர்ப் பட்டறைக்குப் போகலாம்.

கதவு திறந்துவிடுவதும் வட்டத்தால் ஆகாது. 1908 முதல் பத்து வருஷம் பாரதி புதுச்சேரியில் இருந்தபோது, கனக சுப்புரத்தினம் எழுதிய பாட்டைத் தன் கவிதா மண்டலத்தைச் சேர்ந்தவர் எழுதியது என்று குறித்து சுதேசமித்திரன் பத்திரிகைக்கு அனுப்பினார். அவர்தான் பின்னால் பாரதிதாசன். சக எழுத்தாளர்கள் நாலு பேரால் அந்தக் குறிப்பை எழுதித்தர முடியாது. ஒருநாள் பட்டறையிலும் அது நடந்துவிடும் என்று நம்ப வேண்டாம். பேச்சாளரோடு செல்ஃபி வேறு, அவர் நம் கதையைப் படித்திருப்பது வேறு.

வாட்ஸ்அப் குழுவுக்கு அதிக நேரம் தேவையில்லை. போட்டி அறிவிப்பு, கடைசித் தேதி, நெய்வேலி புத்தகக் கண்காட்சிக்கு யார் யார் போகிறோம் என்பதற்கெல்லாம் நல்லது. கதையைப் போட்டால் பத்து நிமிஷத்தில் "அருமை", "வாழ்த்துகள்", கைதட்டும் பொம்மை. பத்து நிமிஷத்தில் எட்டுப் பக்கத்தை யார் படித்தார்கள்? ஒரு நியாயம் மட்டும் சொல்ல வேண்டும். பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு ஒன்பதரைக்குத்தான் உட்கார முடிகிற பெண்களுக்கு, புதுச்சேரியில் மாலைக் கூட்டம், அப்புறம் கடலூர் பஸ் என்பதெல்லாம் நடக்கிற காரியமில்லை. அந்தக் குழுவிலிருந்தே ஒழுங்காகப் படிக்கிற மூன்று பேரைப் பிரித்தெடுத்து, வாரம் ஒருநாள் வீடியோ கால் போட்டால் அதுவே வட்டம்.

நாவல் எழுதுகிறவர்களுக்கு மூன்றுமே சரிவராது. மாதம் ஒரு அத்தியாயமாக வட்டத்துக்குக் கொடுத்தால் முதல் அத்தியாயத்தையே வருஷம் முழுக்கத் திருத்திக்கொண்டிருப்பீர்கள். முழுசாக எழுதி முடித்துவிட்டு, வட்டத்தில் உங்களிடம் அதிகம் சண்டை போட்ட ஒருவரிடம் மொத்தக் கட்டையும் கொடுத்து இரண்டு மாதம் தொந்தரவு செய்யாமல் இருங்கள்.