ட்ரை ஃப்ளை: ஆறு வருடம் கட்டிப் பார்த்ததில்

முதல் வருடம் நான் கட்டிய ட்ரை ஃப்ளைகள், அதாவது ட்ரவுட் மீன் பிடிக்கத் தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றிச் செய்யும் மிதக்கும் போலி ஈக்கள், இன்னும் டப்பாவில் புத்தம் புதிதாக இருக்கின்றன. மீன் சீண்டியிருந்தால்தானே பழசாகும்! சேவலின் பிடரி இறகை, அதாவது ஹேக்கிளை, எட்டு சுற்று சுற்றிப் புட்டி கழுவும் பிரஷ் போல ஆக்கி வைத்திருந்தேன். போதாக்குறைக்கு முள்ளின் காதுவரை நூலைச் சுற்றி அடைத்துவிட்டு, தண்ணீரில் நின்றுகொண்டு ஊசியால் குத்திக் குத்தித் தூண்டில் நரம்பைக் கோத்த நாட்களும் உண்டு.

மேஃப்ளை என்ற நீர்ப்பூச்சி தோலை உரித்து மேலே வந்ததும் சிறகு உலரும்வரை நீர்ப்பரப்பில் ஒட்டினாற்போல் உட்கார்ந்திருக்கும். கீழேயிருந்து பார்க்கும் ட்ரவுட்டுக்குத் தெரிவது வயிறும் காலும்தான். என் ஈக்களோ ஹேக்கிள் நுனியில் நிமிர்ந்து நின்றன. ஹேக்கிளைப் படுக்கைவாட்டில் சுற்றும் பாரசூட் முறைக்கு மாறியபிறகுதான் மீன் மேலே வந்தது. 14, 16 அளவில் (முள்ளின் எண்; எண் கூடினால் முள் சிறியது) பாரசூட் முறையில் கட்டிய ஆடம்ஸ் என்ற ஈ இருந்தால் எனக்குப் பாதி நாள் ஓடிவிடும். மூல ஆடம்ஸ் 1922-இல் மிச்சிகனில் லென் ஹாலடே கட்டியது. எந்தப் பூச்சியையும் அச்சாக நகலெடுக்காத சாம்பல் நிற ஈ, எல்லாப் பூச்சியாகவும் நடிக்கிறது.

சிடிசி, அதாவது வாத்தின் எண்ணெய்ச் சுரப்பியைச் சுற்றியுள்ள இறகு, அழகாக மிதக்கும். ஆனால் ஒரு மீன் கவ்வினால் போதும், சளியில் ஊறிய பஞ்சுதான். மிதக்கவைக்கும் ஜெல் தடவி ஒரு டஜனைப் பாழாக்கியிருக்கிறேன். அலசி, துணியில் ஒற்றி, உலர்த்தும் பொடியில் போட்டுக் குலுக்க வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் எல்க் மானின் முடியில் செய்யும் எல்க் ஹேர் கேடிஸ் கட்டலாம். அந்த முடிக்குள் காற்றறைகள் இருப்பதால் குதித்தோடும் நீரிலும் மூழ்காது. நாலைந்து மீனுக்குத் தாங்கும்.

இரண்டு வருடம் ஈயின் நிறத்தை மாற்றி மாற்றிக் கட்டினேன். குற்றவாளி நிறமல்ல, ட்ராக் (drag), அதாவது லைன் ஈயை இழுத்துக்கொண்டு போவது. வேகமான நடுநீரோட்டம் லைனை இழுக்க, ஈ பின்னால் கோடு கிழித்துக்கொண்டு போகும்; அதைக் கண்ட மீன் திரும்பிவிடும். ஈயைக் கட்டும் மெல்லிய நுனி நரம்பான டிப்பெட்டை இரண்டடி நீட்டித் தளர்வாக விழவிட்டதும் அதே ஈயைக் கவ்வியது. நிறத்தைவிட அளவுதான் பெரிது: 16 மறுக்கப்பட்டால் 18.

போன வாரம் அந்த முதல் வருட ஈ ஒன்றை எடுத்து, அடிப்பக்க ஹேக்கிளைக் கத்தரியால் சமமாக நறுக்கினேன். தாழ்வாக உட்கார்ந்தது. மூன்றாவது வீச்சில் மீன். மீதியையும் நறுக்கிக்கொண்டிருக்கிறேன்.