பாங்காக்கில் ஒரு நீண்ட விருந்து: ககனா, 'கா'வா?

சமையற்காரரே வரிசையை முடிவு செய்து, சிறு சிறு உருப்படிகளாகப் பரிமாறும் விருந்தில் இந்தியச் சமையல் தாய்லாந்து மண்ணில் என்னவாகிறது என்பதை அறிய விரும்புவோர், பாங்காக்கில் பெரும்பாலும் இரண்டு பெயர்களுக்கு இடையே தயங்குகிறார்கள். கொல்கத்தாவில் பிறந்த ககன் ஆனந்த் 2010இல் தொடங்கிய 'ககன்' உணவகம், 2015 முதல் 2018 வரை ஆசியாவின் சிறந்த 50 உணவகங்கள் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது; அது 2019இல் மூடப்பட, அவர் தம் முழுப் பெயரிலேயே புதியதைத் திறந்தார். மும்பையில் வளர்ந்த கரிமா அரோரா 2017இல் தொடங்கிய 'கா', சிறந்த உணவகங்களுக்கு மிஷெலின் வழிகாட்டி நூல் தரும் நட்சத்திரத்தை அடுத்த ஆண்டே பெற்றது. அப்பெருமையைப் பெற்ற முதல் இந்தியப் பெண் அவர்.

ககனிடம் உணவு ஒரு நாடகம். கடற்பாசியிலிருந்து எடுக்கப்படும் ஆல்ஜினேட் என்ற பொருளின் கரைசலில் இட்டதால் மெல்லிய சவ்வு படர்ந்த தயிர் உருண்டை, கரண்டியிலிருந்து நாவுக்குச் சென்றதும் உடைந்து வாயெங்கும் பரவும். வியப்புதான், ஆனால் அதில் தாய்லாந்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

'கா'வில் அந்தத் தேடல் தேவையில்லை, ஏனெனில் அங்கே உள்ளூர் விளைபொருளின்மேல் இந்தியச் செய்முறை அமர்கிறது. சுட்ட பலாப்பிஞ்சை ரொட்டியோடும் ஊறுகாயோடும் வைக்கும் அவர்களது புகழ்பெற்ற உருப்படியில், கையால் பிய்த்துச் சுருட்டி உண்ணும் நம் பழக்கமும் (விலையுயர்ந்த உணவகத்தில் இது சிறிய துணிச்சலல்ல) அப்படியே இருக்கிறது. இரு நாட்டுச் சுவையின் இணைப்பே நோக்கமெனில் என் தேர்வு 'கா'. கேளிக்கை வேண்டுமெனில் ககன்.