நல்லூரில் ஒரு வீட்டு அறை

கனடாவிலிருந்து யாழ்ப்பாணம் போகிற எங்களில் பலருக்கு அங்கே இப்போது சொந்த வீடு இல்லை. வீடு இருக்கிறவர்களுக்கும் அதில் வேறு யாராவது குடியிருப்பார்கள். சொந்தக்காரர் வீட்டில் தங்கினால் அவர்கள் லீவு போட்டு எங்களைக் கவனிக்க வேண்டும். குடும்பத்தோடு ஹோட்டலில் நின்றால் கட்டுப்படியாகாது. அதனால் இந்த முறை நல்லூர்ப் பக்கம் ஒரு வீட்டில் அறை எடுத்தோம். காலைச் சாப்பாட்டோடு ஒரு நாளைக்கு 6,000 ரூபாய்.

அந்த வீட்டாரின் மகன் லண்டனில். அவனுடைய அறைதான் எங்களுக்கு. அலுமாரியின் மேல்தட்டில் அவனுடைய ஏ.எல். (உயர்தர வகுப்பு) பௌதிகவியல் கொப்பிகள் சணல் கயிற்றால் கட்டியபடி இருந்தன. "மற்றதெல்லாம் பாவியுங்கோ, அதை மட்டும் எடுக்காதேங்கோ" என்றார் வீட்டுக்கார அன்ரி. பிள்ளைகள் வெளிநாடு போனதால் காலியான அறைகளில், வெளிநாட்டிலிருந்து வருகிற நாங்கள் காசு கொடுத்துத் தங்குகிறோம். கணக்கு எங்கேயோ இடிக்கிறது, ஆனால் இரண்டு பக்கத்துக்கும் உதவிதான்.

காலையில் இடியப்பம், சொதி, சம்பல். பாண் போதும் என்று மனைவி சொல்லிப் பார்த்தா. அன்ரி காதில் வாங்கவில்லை.

குறைகளும் உண்டு. கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புப் பாறைக்குள்ளால் வருவது, சவர்க்காரம் லேசில் நுரைக்காது. குளியலறை வீட்டாருக்கும் எங்களுக்கும் ஒன்றுதான், காலை ஏழு மணிக்கு வரிசை. இரவில், "தம்பி, ஒன்பதரைக்குப் பிறகு வாறதெண்டால் முன்னமே சொல்லுங்கோ, நாயை அவிட்டு விட்டிடுவம்." சொன்னது போலவே விட்டார்கள். நுளம்பு வலை இருந்தது, அதில் ஓட்டையும் இருந்தது. அடுத்த நாளே புதிது வந்துவிட்டது.

இதற்கு முன் வேறொரு வீட்டில், அறை பதிவு செய்யும் செயலியில் ஏசி படத்தைப் போட்டுவிட்டு, போய் இறங்கியதும் "ஏசி போட்டால் வேறு காசு" என்றார்கள். ஆகவே ஏசி, சுடுதண்ணீர், குளியலறை பொதுவா தனியா என்ற மூன்றையும் காசு அனுப்பும் முன்பே போனில் கேளுங்கள்.

நல்லூர்த் திருவிழா 25 நாள். அந்த நாட்களில் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளை மூடிவிடுவார்கள். ஓட்டோ வாசல்வரை வராது, பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். வயதானவர்களோடு போனால் அறையைக் கொஞ்சம் தள்ளி எடுப்பது நல்லது. அறை விலையும் அப்போது ஏறிவிடும்.

நயினாதீவுக்கு வான் பிடிக்கத்தான் நினைத்தோம். "ஏன் வீண் செலவு, 776 பஸ், படகு எடுக்கிற குறிகட்டுவான் இறங்குதுறைக்கே போகும்" என்றார் அங்கிள். மதியச் சாப்பாட்டைக் கட்டிக் கொடுத்து, பஸ் நிலையம்வரை தன் மோட்டார் சைக்கிளில் எங்களை ஒவ்வொருவராக ஏற்றி இறக்கினார். அதற்குக் காசு வாங்கவில்லை.

அறைக்காசு கையில்தான், கார்ட் இல்லை. முன்கூட்டிக் கேட்க வாட்ஸ்அப் போதும். ஆனால் அன்ரி எழுத்தில் பதில் போடமாட்டார், வொய்ஸ் மெசேஜ்தான். முதல் இரண்டு நிமிடம் உங்கள் ஊர், தகப்பன் பெயர் பற்றிய விசாரணை. அறை இருக்கிறதா இல்லையா என்பது கடைசியில் வரும்.