முந்நூறு ரூபாய்க்கு ஒரு கொள்ளுத்தாத்தா: இங்கிலாந்துப் பிறப்புப் பதிவுச் சேவை எப்படி?

பின்னி மில்லுக்கு நெசவு மாஸ்டராகவோ பெரம்பூர் ஒர்க்‌ஷாப்புக்கு ஃபிட்டராகவோ கப்பலில் வந்து இறங்கிய ஒருவர், வடசென்னை ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் சிலவற்றின் வேரில் இருக்கிறார். அவர் ஊரில் என்ன வேலை பார்த்தார், அவருடைய அப்பாவுக்கு என்ன தொழில் என்று தேடினால், கடைசியில் போய் நிற்கும் இடம் இங்கிலாந்து, வேல்ஸ் பொதுப் பதிவாளர் அலுவலகத்தின் இணையதளம். சுருக்கமாக ஜி.ஆர்.ஓ. 1837 ஜூலை 1 முதலான பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுகள் அவர்களிடம் இருக்கின்றன. நல்ல சேவைதான். ஆனால் எல்லாவற்றையும் அங்கேயே வாங்கினால் காசு கரியாகும்.

பட்டியலில் தேடக் கட்டணம் இல்லை. ஒரு கணக்கு தொடங்கினால் போதும். குடும்பப்பெயர், ஆணா பெண்ணா, ஆண்டு மூன்றும் கட்டாயம். ஆண்டை இருபக்கமும் இரண்டு வருடம்தான் நீட்ட முடியும். 1853 என்று போட்டால் 1851 முதல் 1855 வரை வரும். பத்து வருடத்தைத் துழாவ இரண்டு தேடல், அண்ணன் தம்பி அக்கா தங்கை எல்லோரையும் பிடிக்க நான்கு. அலுப்பான வேலை.

அந்த அலுப்புக்குக் கூலி உண்டு. குழந்தையின் தாய் எந்தக் குடும்பத்தில் பிறந்தவர் என்ற பெயர் இந்தப் பட்டியலில் 1837-லிருந்தே இருக்கிறது. தன்னார்வலர்கள் படியெடுத்த ஃப்ரீ பிஎம்டி தளம் பழைய காலாண்டுப் பட்டியலை ஒட்டியது. அதில் தாயின் பெயர் 1911 செப்டம்பர் காலாண்டிலிருந்துதான் கிடைக்கும். ஒரே ஊரில் ஒரே பெயரில் ஐந்து ஜான், ஆறு ஜேம்ஸ் இருக்கும், பஞ்சாலைகள் மண்டிய வட இங்கிலாந்து மாவட்டமான லங்காஷயரில் ஆளைப் பிரித்தெடுப்பது இந்த ஒரு பெயர்தான். அந்த இடம் காலியாக இருந்தால், பெரும்பாலும் பெற்றோருக்குத் திருமணம் ஆகியிருக்கவில்லை என்று பொருள்.

ஊரைச் சரிபார்க்க, பட்டியலில் வட்டாரத்தைக் குறிக்கும் தொகுதி எண்ணைப் பாருங்கள். 1852-லிருந்து பிளாக்பர்ன், பர்ன்லி, பிரெஸ்டன் பக்கம் 8ஈ. போல்டன், பரி 8சி. மான்செஸ்டர், ஓல்டம் 8டி. அதற்கு முன்னால் ரோமன் எண்கள். காலாண்டு என்பது பதிவான தேதியைக் காட்டும், பிறந்த தேதியை அல்ல. பதிவு செய்ய 42 நாள் அவகாசம் இருந்ததால் டிசம்பரில் பிறந்த பிள்ளை அடுத்த ஆண்டு மார்ச் காலாண்டில் போய் உட்கார்ந்திருக்கும். 1875-க்கு முன் பிறப்பைப் பதிவு செய்யாத பெற்றோருக்கு அபராதம் கிடையாது. ஆகவே சில பெயர்கள் எவ்வளவு தேடினாலும் அகப்படாது.

இப்போது காசு. 2024 ஏப்ரலில் உயர்த்திய விலைப்படி, திரையில் உடனே பார்க்கும் டிஜிட்டல் படம் 3 பவுண்டு, சில நாளில் வரும் பிடிஎஃப் 8 பவுண்டு, முத்திரையிட்ட காகிதச் சான்றிதழ் 12.50 பவுண்டு. பிறப்புப் பதிவுக்கு டிஜிட்டல் படமே போதும். தந்தையின் தொழில் என்ற கட்டம் அதில் அப்படியே தெரியும். இறப்புக்கு டிஜிட்டல் படம் 1887 வரைதான், பிறகு 1957 வரை பிடிஎஃப். பாஸ்போர்ட், குடியுரிமை விண்ணப்பத்துக்கு இரண்டும் செல்லாது, காகிதம்தான் வேண்டும். நம்மூர் வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை முன்கூட்டியே திறந்து வையுங்கள்.

திருமணத்தில்தான் இந்தச் சேவை சறுக்குகிறது. மணமகன், மணமகள் இருவரின் தந்தையர் பெயரும் தொழிலும் உள்ள பதிவு அதுதான், ஆனால் ஜி.ஆர்.ஓ. தேடலில் திருமணமே இல்லை. ஃப்ரீ பிஎம்டியில் அந்தத் திருமணத்தின் பட்டியல் எண்ணை எடுத்து, 12.50 பவுண்டு கட்டி, தபாலுக்குக் காத்திருக்க வேண்டும். அதற்கு முன் லங்காஷயர் ஆன்லைன் பாரிஷ் கிளார்க்ஸ் தளத்தைப் பாருங்கள். ஆங்கிலிக்கன் தேவாலயத் திருமணமாக இருந்து அந்தப் பங்கின் ஏடு படியெடுக்கப்பட்டிருந்தால், அதே விவரம் காசில்லாமல் கிடைக்கும். பதிவாளர் முன் நடந்த திருமணம் அங்கே இருக்காது. அப்போது மட்டும் பர்ஸைத் திறக்கலாம்.

படம் கைக்கு வந்தபின் தொழில் பெயரில் ஏமாறுகிறவர்கள் அதிகம். 'ஸ்கேவஞ்சர்' என்றால் தெரு கூட்டியவர் என்று முடிவு கட்டாதீர்கள். பஞ்சாலையில் எந்திரத்துக்கு அடியில் விழுந்த பஞ்சைச் சுத்தம் செய்த சிறுபிள்ளையாக இருக்கலாம். 'பீசர்' அறுந்த நூலை முடிந்தவர். 'டேக்லர்' தறிகளைச் சீராக ஓடவைத்த மேற்பார்வையாளர். நெசவு மாஸ்டராக மதராஸுக்கு வரத் தோதான ஆள் அவர்தான். மக்கள்தொகைக் கணக்கில் 'எச்.எல்.டபிள்யூ.' என்றிருந்தால் கைத்தறி நெசவாளர். அந்த ஏடுகளில் தொழில் கட்டத்தின் மேல் எழுத்தர்கள் போட்ட கோடுகளை எழுத்தாக நினைத்துப் படிக்கக் கூடாது. 1841 கணக்கில் 15-க்கு மேற்பட்டோரின் வயதை ஐந்தின் மடங்குக்குக் குறைத்து எழுதினார்கள். 34 என்பது 30 ஆகும். அதை நம்பிப் பிறந்த ஆண்டைக் கணக்கிட்டால் தேடல் தப்பும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் மதராஸ் முனையைக் கட்டி முடியுங்கள். தேவாலய ஏடுகளின் நகல்கள் லண்டனுக்குப் போய், இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் என்-2 வரிசையாக இருக்கின்றன. ஃபேமிலி சர்ச் தளத்தின் இலவசப் பட்டியலில் பெயரும் தேதியும் உண்டு, தொழில் இல்லை; அதற்கு மூல ஏட்டின் படத்தைப் பார்க்க வேண்டும், ஃபைண்ட்மைபாஸ்ட் சந்தாவில் கிடைக்கும். ஊர்ப்பெயரை 'பெரம்போர்', 'ராயபூரம்' என்கிற பழைய எழுத்திலும் தேடுங்கள். இங்கிலாந்தில் எந்த ஊர் என்பது இந்த ஏடுகளில் பெரும்பாலும் இருக்காது. காசிமேடு கல்லறைத் தோட்டத்தில் கல்லைப் பார்த்துவிட்டு வருவது அதற்குத்தான். ஊர் பொறித்திருந்தால் பாதி வேலை முடிந்தது.

வந்தவர் ஸ்காட்லாந்துக்காரர் என்றால் ஜி.ஆர்.ஓ.வில் எவ்வளவு தேடியும் பயனில்லை. அங்கே பதிவு 1855-ல்தான் தொடங்கியது, அதற்கு ஸ்காட்லாண்ட்ஸ் பீப்பிள் என்ற தனித் தளம்.